புதியவர்களும் சேரலாம் என்று யார் எழுதச் சொன்னது?

பஸ்ஸில் ஏறியதில் ஒரு சிரமமும் இல்லை. இறங்குவதில்தான் வந்தது வினை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஒரு காலைக் கீழே விட்டு, தரை எங்கே இருக்கிறது என்று நான் துழாவிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் மிகுந்த பரிவோடு கேட்டார்: "ஆபரேஷன் செய்த உடம்பா அம்மா?" பின்னால் நின்ற அத்தனை பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். ஆபரேஷன் நடந்தது உண்மைதான். ஆனால் அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், மகள் பிறந்தபோது. அன்றுகூட நான் இப்படி இறங்கவில்லை. இந்தக் கோலம், இரண்டு நாளுக்கு முன் 1,800 ரூபாய் மாதக் கட்டணமும் 500 ரூபாய் சேர்க்கைக் கட்டணமும் கட்டி நானே வாங்கிக்கொண்டது.

உடற்பயிற்சிக் கொட்டகையின் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'அதிதீவிரக் குழுப் பயிற்சி. 45 நிமிடம். எல்லா வயதினருக்கும். புதியவர்களும் சேரலாம்.' கடைசி இரண்டு வார்த்தைகளில் விழுந்தேன். எனக்கு 41 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது கழிப்பறைக்கும் கையெழுத்துக்கும்தான். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, நடங்கள் என்றார் மருத்துவர். எங்கே நடப்பது? பாறைப்பொடி ஏற்றிய லாரிகள் அதிகாலையிலேயே எல்லையைத் தாண்டப் பறக்கும் சாலையில் நடந்தால், அழுத்தம் குறைவதற்குள் ஆளே குறைந்துவிடுவேன். அதனால் இந்தக் கொட்டகைக்குப் போனேன்.

சேர்க்கைப் படிவத்தில் பெயர், தொலைபேசி எண், எடை, எத்தனை கிலோ குறைக்க வேண்டும், டி-ஷர்ட் அளவு என்ன என்று கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாயா, நெஞ்சு வலித்ததுண்டா, தலை சுற்றுமா, முட்டி எப்படி, பிரசவம் எப்படி நடந்தது என்று ஒரு வரி கிடையாது. இதற்கென்றே 1970களில் கனடாவில் உருவாக்கிய 'பார்-க்யூ' என்ற ஏழு கேள்விப் படிவம் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு தாள், ஆம் இல்லை என்று ஏழு டிக். நகலெடுக்க இரண்டு ரூபாய் ஆகும். என் சட்டை அளவின் மேல் இருந்த அக்கறையில் பாதி என் இதயத்தின் மேல் இருந்திருந்தால் போதும்.

கொட்டகை ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ். கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் பயிற்சியாளர் தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். காதோடு ஒட்டிய மைக், தோளில் ஒரு துண்டு. நாங்கள் இருபத்தைந்து பேர். ஒலிபெருக்கியில் பாட்டு, கூரையில் ஆடி மழை, இரண்டுக்கும் மேலே அவர் குரல்: "நிறுத்தல்லே சேச்சீ! ஒன்னுகூடி! ஒன்னுகூடி!" மலையாளத்தில் 'ஒன்னுகூடி' என்றால் இன்னும் ஒரு தடவை என்று அர்த்தம். எல்லையில் பிறந்தவர்களுக்கு அது புரியும். மதுரையிலிருந்து வேலை மாற்றலாகி வந்த ஒரு வங்கிப் பெண், நம்மையெல்லாம் ஒன்றுகூடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து நடுவில் வந்து நின்றுவிட்டாள். பாவம், அந்தக் காலையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளைப் பலகையில் அன்றைய கணக்கு எழுதியிருந்தது. அதன் தலையில் நூறு பர்பி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நின்ற இடத்தில் குந்தி, கையைத் தரையில் ஊன்றி, காலைப் பின்னால் எறிந்து, நெஞ்சைத் தரையில் தொட்டு, எழுந்து, காலை உள்ளே இழுத்து, கடைசியில் கைதட்டித் துள்ள வேண்டும். ஒன்று. இப்படி நூறு. இதைக் கண்டுபிடித்த மகான் யார் என்று கோபத்தில் தேடிப் பார்த்தேன். ராயல் பர்பி என்ற அமெரிக்க உடலியலாளர், 1930களின் இறுதியில், ஒருவருடைய உடல் தகுதியைச் சோதிக்க இதை வைத்தார். அவர் வைத்ததில் நெஞ்சு தரையைத் தொடவும் இல்லை, கடைசியில் துள்ளலும் இல்லை. எத்தனை தடவை செய்யச் சொன்னார்? நான்கு. நான்கு தடவை செய்ய வைத்து, முன்னும் பின்னும் நாடி பார்த்தார். அந்த நான்குதான் இங்கே இருபத்தைந்து மடங்காகிப் பலகையில் ஏறியிருக்கிறது, நாடி பார்க்கிற வேலை மட்டும் காணாமல் போயிருக்கிறது.

நான் பதினோராவதில் விழுந்தேன். படுத்தபடியே பார்த்தால், முன்வரிசையில் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ் பெண்கள் மூன்று பேர் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு வருடமாக வருகிறார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் வகுப்பின் வேகத்தை நிர்ணயிப்பது அவர்கள் என்றால், பலகையில் என்னைப் போன்றவளை ஏன் அழைக்க வேண்டும்? எழுந்து நின்று, இதில் எளிய வகை ஏதாவது உண்டா என்று கேட்டேன். பெஞ்சில் கையை ஊன்றிச் செய்யலாம், துள்ளாமல் காலை ஒவ்வொன்றாகப் பின்னால் வைக்கலாம், இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று கிடைத்த பதில்: "மனசு வச்சால் நடக்கும் சேச்சீ."

அடுத்த கூத்து தபாட்டா. 45 நிமிட வகுப்புக்கே அவர் வைத்திருக்கும் பெயர் அது. இசுமி தபாட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடைய குழுவும் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பெயர். 20 விநாடி முழுமூச்சு, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. கூட்டிப் பாருங்கள், அதிகம் போனால் 4 நிமிடம். அதையும் செய்தவர்கள் ஏற்கெனவே பழகிய இளம் வயது விளையாட்டு மாணவர்கள், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில், விழுவதற்கு வழியே இல்லாமல். ஏழெட்டுச் சுற்றில் அவர்களே ஓய்ந்துபோகும் அளவுக்கு அதன் வேகம். அப்படியானால் ஒன்று, எங்கள் 45 நிமிடம் தபாட்டா இல்லை. இல்லையென்றால் அது தபாட்டாதான், நாங்கள் இருபத்தைந்து பேரும் அந்த மாணவர்களைவிடப் பத்து மடங்கு வலுவான ஆட்கள். எது என்று அவரே சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் புலம்பினேன். நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவார்களா?"

"இல்லை மாமா. வாரத்தில் ஆறு நாள்."

"அப்படியானால் பட்டமரப்பு வந்துவிடும் மக்களே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் கன்று வைத்த மறுவருடமே யாராவது கத்தியை எடுத்துக்கொண்டு போவார்களா? ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் அளந்து, மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதான் முதல் வெட்டு. அதுவும் பட்டையின் ஆழம் பார்த்து, சரிவு பார்த்து. வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. ஆசைப்பட்டு நாள்தோறும் வெட்டுகிறவனுக்குக் கொஞ்ச காலம் பால் கொட்டும், பிறகு பட்டை மரத்துப்போய் ஒரு சொட்டும் வராது, அதுதான் பட்டமரப்பு. கொட்டகையின் ஜன்னல் வழியாகத் தெரிகிற மரங்களுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது. உள்ளே 1,800 ரூபாய் கட்டிய நாற்பத்தொரு வயது மரத்துக்கு, முதல் நாளே நான்கு பக்கமும் வெட்டு. அதுவும் கர்க்கடகத்தில், ஊரே மருந்துக் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றுகிற மாதத்தில்!

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். பர்பி முடிந்ததும் கயிறு தாண்டச் சொன்னார்கள். முப்பதாவது தாவலில் சிறுநீர் கசிந்தது. நின்றுவிட்டேன். "நிறுத்தல்லே சேச்சீ!" என்ன சொல்வது அந்தப் பையனிடம்? பக்கத்தில் தாண்டிக்கொண்டிருந்த அக்கா, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கயிற்றை நிறுத்தாமலே சொன்னார்: "நாளையிலிருந்து கறுப்புப் பேண்ட் போட்டு வா. முன்னாலேயே ஒரு முறை போய்விட்டு வா. தண்ணீர் குடிக்காதே." மழைக்காலப் புழுக்கத்தில், தகரத்தின் கீழ், குடம் குடமாய் வியர்க்கும் இடத்தில் தண்ணீர் குடிக்காதே! இதுதான் அங்கே பெண்களுக்குள் ஓடும் பாடத்திட்டம். பின்வரிசை முழுக்கக் கறுப்புப் பேண்ட் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இடுப்புத் தளத் தசை தளர்வது சர்வசாதாரணம். அதை இறுக்கும் பயிற்சியை ஆர்னால்டு கெகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1948லேயே எழுதி வைத்துவிட்டார். தாவுவதற்கு முன் சில வாரம் அதைச் செய்ய வைத்தால் எத்தனை பேருக்கு நிம்மதி! ஆனால் கேட்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை, சொல்வதற்கு எங்களுக்கு வாய் இல்லை.

மூன்றாம் நாள் வலியைப் பற்றிச் சொன்னபோது, "அது லாக்டிக் ஆசிட் சேச்சீ, இன்னும் வேகமாகச் செய்தால் கரைந்துவிடும்" என்றார் பயிற்சியாளர். லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்திலிருந்து பெருமளவு போய்விடும். பஸ் படியில் என்னைத் தொங்கவிட்டது அது இல்லை. பழக்கமில்லாத தசை, பாரத்தைத் தாங்கியபடியே நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய காயம் ஏற்படுகிறது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். இறங்கும்போது தொடைத் தசை அப்படித்தான் நீளுகிறது, ஏறும்போது இல்லை. அதனால்தான் ஏறியவள் இறங்க முடியாமல் நின்றேன். இதோடு நின்றால் பரவாயில்லை. புதிதாக வந்தவரை அளவுக்கு மீறிப் பிழிந்தால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கவும் கூடும். சிறுநீர், பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரப்டோமயோலிசிஸ் என்று பெயர். வகுப்பில் யாரும் இதை உச்சரித்ததில்லை. மூன்று நாளும் நானே நிறம் பார்த்துக்கொண்டேன்.

இடையில் கைப்பேசியில் படம் வேறு பிடித்திருக்கிறார்கள், கேட்காமல். நெய்யாற்றின்கரையிலிருந்து நாத்தனார் போன் செய்து, "அண்ணி, நெத்தோலி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறீர்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். நீக்கச் சொன்னேன். "நல்ல விளம்பரம் சேச்சீ."

தீவிரப் பயிற்சியே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த நர்ஸ் பெண்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. அந்தத் தம்பியும் கெட்டவர் இல்லை. ஒருவர் இருபத்தைந்து பேரை எப்படிப் பார்ப்பார், அத்தனை பேரை அடைத்தது முதலாளி. எனக்கு வேண்டியது பெரிய விஷயமா? புதியவர்களுக்கு முதல் மாதம் தனி நேரம், ஏழெட்டுப் பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழப் பழக்கிவிட்டு அப்புறம் குந்தச் சொல்லுங்கள். எங்கள் ஊர் ஆசான்மார் களரியில் புதுப் பையனுக்குக் கால் வைக்கும் சுவடு பழக்காமல் கம்பைக் கையில் கொடுப்பதில்லை. இல்லையென்றால் பலகையில் அந்த இரண்டு வார்த்தைகளை அழித்துவிடுங்கள், ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் நானே கொண்டு வருகிறேன்.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, கட்டினது கட்டினதுதான் என்று பதில். சரி, முதல் மாதத்தை மெதுவாகச் செய்ய அனுமதிப்பீர்களா என்று வாட்ஸாப்பில் கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. நாலு நாள் கழித்து வந்த செய்தி: 'சேச்சியின் டி-ஷர்ட் வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளவும்.' எம் அளவாம். படிவத்தில் நான் எழுதியது எக்ஸ்எல்.