தலைமாட்டில் ஓர் அடை

சோர்ந்து கிடப்பவனிடம் வந்து, "விசுவாசம் இருந்தால் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டீர்" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. வீட்டு ஜெபம் என்று வந்து, அரை மணி நேரம் குற்றப்பத்திரிகை வாசித்து, காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

2020-இல் பாளையங்கோட்டையில் நான் நடத்திய சின்ன அச்சகம் படுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைதான் எங்களுக்குச் சோறு. ஊரடங்கு வந்ததும் வைகாசி முகூர்த்தங்களுக்கு அடித்துவைத்தவை கட்டுக் கட்டாகத் தங்கிவிட்டன. மணமக்கள் பெயர் போட்ட அட்டையை வேறு யார் வாங்குவார்? கடைசியில் கட்டிங் மெஷினை எடைக்குப் போட்டேன். கோயில் திறந்த பிறகும் நான் போகவில்லை. ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணி கேட்கும், திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். சூரை என்றதும் எனக்குத் தேரிக்காட்டு முள்தான் ஞாபகம் வருகிறது. நிழலென்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமிராது. தூதன் வந்து கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துத் தூங்கினார். அதற்கும் திட்டு விழவில்லை! "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகே வருகிறது. நம் ஆட்கள் கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறார்கள். அடையைக் கொண்டுவருவதே இல்லை.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் இப்படித்தான் பிரசங்கத்தில் சாட்டையாக்குகிறார்கள். 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். 'அவரைப் பார், நீ ஏன் முடங்கினாய்' என்பார்கள். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், இருபது வருடம் பிறர் கையால் பராமரிக்கப்படச் சம்மதித்தாரே, அதுவும் விசுவாசம்தானே?

எனக்கு அடை கொண்டுவந்தவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. தூக்குச்சட்டியில் கஞ்சி, மேல்மூடியில் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்). வசனம் ஒன்றும் சொல்லவில்லை. "முதலில் இதைக் குடி ஐயா, ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று நான் எழுந்திருக்கவில்லை. சட்டியைக்கூடக் கழுவாமல் திண்ணையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்.