தேடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

தகவல் அறிதிறன் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்றில், அதை இணையத்தில் விரைவாகத் தேடத் தெரிவது என்ற அளவிலேயே கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1974-இல் அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த பால் ஸுர்கோவ்ஸ்கி புழக்கத்துக்குக் கொண்டுவந்த இச்சொல்லுக்குள், 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு, தகவல் தேவைப்படும் தருணத்தை உணர்வது, அதைக் கண்டடைவது, மதிப்பிடுவது, பயன்படுத்துவது ஆகிய அனைத்தையும் அடக்கியது. இவற்றுள் மதிப்பிடுவதுதான் பலருக்கும் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) எளிதில் கைவராதது. அண்மையில் குடும்பக் குழுவில் வந்த வெள்ளப் படம் ஒன்றைப் பகிரும் முன், படத்தைக் கொண்டே தேடும் வசதியில் இட்டுப் பார்த்தேன். அது பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் எடுக்கப்பட்டதாம். படம் உண்மையானது, அதன்கீழ் எழுதியிருந்த ஊரும் தேதியும்தான் பொய். இப்படி இடம் மாறி வரும் உண்மைகளைக் கண்டுகொள்வதற்குக் கட்டுரையில் ஒரு பத்தியேனும் ஒதுக்கியிருக்கலாம்.