நாவல்பழம் கூடையில் இருக்கும்போது அட்டைப்பெட்டி எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

காலையிலேயே இங்கே புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ நாவல்பழம் வாங்கி வந்தேன். கடலூரிலிருந்து மாமா மகன் வருகிறான், அவனுக்கு ஜின் என்கிற மதுவில் நாவல்பழச் சாறு சேர்த்து என் கையால் கலந்து தர வேண்டும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவினேன், கல் உப்பு போட்டுக் கையால் பிசைந்தேன், கொட்டையை எடுத்தேன், துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். விரலெல்லாம் ஊதா. மச்சான் வந்தான். ஒரு கையில் மாம்பழ பான அட்டைப்பெட்டி, மறு கையில் நீலக் கலர் சிரப் பாட்டில். நான் ஐஸ் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த என் ஜின்னில் அந்த மாம்பழ பானத்தை ஊற்றி, மேலே நீலத்தையும் விட்டு, "இந்தா, காக்டெய்ல்" என்று நீட்டினான். பாசிப் பச்சையில் ஒரு சர்க்கரைத் தண்ணீர். ஜின்னின் வாசனையும் இல்லை, மாம்பழத்தின் வாசனையும் இல்லை.

மச்சான் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஊரில் எல்லாருமே இதைத்தான் செய்கிறார்கள். தெருவுக்கு இரண்டு பழக்கடை, பழவண்டி வாசலுக்கே வருகிறது. ஆனால் ஜின் பாட்டிலைத் திறந்ததும் பழம் மறந்துபோய், கை நேரே அட்டைப்பெட்டிக்குப் போகிறது!

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை ஒருதரம் படித்துப் பாருங்கள். 'பழ பானம்' என்று விற்க நம் நாட்டு உணவுச் சட்டப்படி பத்து சதவீதம் பழம் இருந்தால் போதும். எலுமிச்சை வகை என்றால் ஐந்தே சதவீதம். மீதி தண்ணீர், சர்க்கரை, புளிப்புக்கு ஒரு அமிலம், ஒரு எசன்ஸ். சுண்டவைத்த சாற்றில் தண்ணீர் கலந்துவிட்டு 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று அட்டையில் போடுவதை எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில் உத்தரவே போட்டது. அது வரை அந்த எழுத்தை நம்பித்தான் நாமெல்லாம் வாங்கினோம். பழத்தின் பெயரைச் சொல்லிச் சர்க்கரையை விற்கிறார்கள், அதை நாம் ஜின்னில் ஊற்றிக்கொண்டு கசக்கிறது, திகட்டுகிறது என்று ஜின்னைக் குறை சொல்கிறோம். எனக்கு ஏன் ஆத்திரம் வராது?

ஜின் என்றால் ஜூனிப்பர் என்கிற ஊசியிலைச் செடியின் காய். அதுதான் அதன் உயிர். ஊசியிலை மரத்தின் பிசினை முகர்ந்தது போன்ற வாசனை, கொஞ்சம் மிளகுக் காரம், எலுமிச்சைத் தோலின் மணம். அதற்குப் பக்கத்தில் புளிப்பும் துவர்ப்பும் உள்ள பழம் வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். சர்க்கரை வந்து உட்கார்ந்தால் எல்லாவற்றையும் மூடிவிடும். அவ்வளவுதான் விஷயம், இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

கடைக்காரர்கள் கதை இன்னும் மோசம். டானிக் வாட்டர் கேட்டேன். சோடாவை எடுத்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். எப்படி ஒன்று? சோடா வெறும் கேஸ் ஏற்றிய தண்ணீர். டானிக்கில் க்வினைன் இருக்கிறது, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருகிற கசப்பு. மலேரியாவுக்கு அந்தக் கசப்பைக் குடிக்க வேண்டி வந்த வெள்ளைக்காரன்தான் இந்தியாவில் அதை ஜின்னோடு சேர்த்துக் குடிக்கப் பழகினான். அந்தச் சின்கோனாவை 1860களில் நம் நீலகிரியில்தான் தோட்டம் தோட்டமாக நட்டார்கள், ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் அதற்கென்றே வேலை நடந்தது. நம் மலையில் விளைந்த பொருள், அதைச் சோடா என்கிறார் கடையில் நிற்பவர். போகட்டும், சோடாவும் டானிக்கும் ஒன்றென்றால் பாகற்காயும் வெள்ளரிக்காயும் ஒன்றுதான்.

அப்புறம் இந்த வீடியோக்கள். ராஸ்பெர்ரி வேண்டும், எல்டர் பூ மது வேண்டும், பிளாக்பெர்ரி வேண்டும் என்று தமிழில் பேசிக்கொண்டே அடுக்குகிறார்கள். முத்தியால்பேட்டையில் நான் எல்டர் பூவுக்கு எங்கே போவேன்? அவர்கள் காட்டுகிற 'பிராம்பிள்' என்ற காக்டெய்லின் கதையாவது தெரியுமா? 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்காரர் செய்தது. ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, நொறுக்கிய ஐஸ், மேலே பிளாக்பெர்ரி மது. சின்ன வயதில் இங்கிலாந்தின் வைட் தீவில் புதரிலிருந்து பறித்துத் தின்ற பழத்தின் ருசியை அவர் கிளாசுக்குள் கொண்டுவந்தார். அவர் ஊர்ப் பழம், அவர் செய்தார். நமக்கு அதே ஊதா நிறத்தில், அதைவிடத் துவர்ப்பாக, ஆனி ஆடியில் மரத்தடியெல்லாம் கொட்டிக் கிடக்கிறதே, பள்ளிக்கூட வாசலில் உப்புத் தூவித் தின்று நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டோமே, அது கண்ணில் படவில்லையா?

நான் கலப்பது இப்படித்தான். ஜின் 60 மில்லி, அளந்துதான். கண்ணளவில் ஊற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வடிகட்டிய நாவல் சாறு 45 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சை 20, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 15, ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பை விட்டுவிடாதீர்கள், நாவலின் துவர்ப்பை அதுதான் அடக்கும். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் ஐஸை நிறையப் போட்டு, கை விறைக்கும்வரை பதினைந்து விநாடி குலுக்கி வடிகட்ட வேண்டும். குலுக்குவது பகட்டுக்கு இல்லை. ஐஸ் கரைந்து சேர்கிற அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் ஜின்னின் எரிச்சலைத் தணிக்கிறது. கொட்டையோடு மிக்சியில் அடிக்காதீர்கள், கசந்துவிடும். நாவல் இல்லாத மாதத்தில் அன்னாசி, கொய்யா, பன்னீர் திராட்சை. பண்ருட்டிப் பலாவை மட்டும் நான் சேர்க்க மாட்டேன், அதன் மணத்துக்கு முன்னால் ஜூனிப்பர் நிற்காது. பலாவைப் பலாவாகவே சாப்பிடுவதுதான் மரியாதை.

ஐஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரையே டிரேயில் ஊற்றி, வஞ்சிரக் கருவாட்டுக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்து, அந்த ஐஸைப் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல தண்ணீரில் உறைய வைத்து ஒரு டப்பாவில் மூடி வைக்க எவ்வளவு நேரமாகும்?

ஜின்னைப் பார்த்து 'பொம்பளை சரக்கு' என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. பிராந்தியை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிற உங்களுக்கு ருசியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? 2017க்குப் பிறகு கோவாவில் நல்ல ஜின்கள் வந்துவிட்டன, இமயமலை ஜூனிப்பரைப் போட்டே காய்ச்சுகிறார்கள். நம் கடைகளில் பிராந்திக்கு ஒரு சுவர் முழுக்க, ஜின்னுக்கு மூலையில் ஒரு தட்டு. அந்தத் தட்டிலும் பாதி பிங்க் கலர்.

மச்சான், உனக்குத்தான் இது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டி பாட்டிலைக் கொண்டுவந்து உன் வீட்டில் கலந்து தர என்னால் முடியாது, செக்போஸ்டில் நிற்கவைத்துவிடுவார்கள். அதனால் நீதான் வர வேண்டும். நாவல்பழம் இன்னும் இரண்டு வாரமாவது கிடைக்கும். வரும்போது மஞ்சக்குப்பத்திலிருந்து நல்ல எலுமிச்சையாக ஆறு வாங்கி வா. அந்த நீல பாட்டில் இங்கேயேதான் இருக்கிறது, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போ.