பிள்ளைகிட்டச் சொல்லாதீங்கன்னு சொல்றவங்களுக்கு

பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணுக்கு ரத்தப் புற்றுநோய். பன்னெண்டு வயசு. நோயோட பேரை அந்தப் புள்ளகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு பெத்தவங்க எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. "நீங்க பட்டவங்க, உங்களுக்குத்தானுங்க தெரியும்"னாங்க. சொல்லிருங்கன்னேன். ஏன்னு விளக்கப் போனா போன்ல வாய் வரலை. எழுதினா வருது.

என்ற மூத்த பையன் பதினேழு வயசுல எலும்புப் புற்றுநோயில போயிட்டான். வீட்ல எல்லாருமே அவனைத் தம்பின்னுதான் கூப்பிடுவோம், இங்கயும் அப்படியே எழுதறேன்.

கவுந்தப்பாடிக்கும் கோபிக்கும் நடுவுல ரோட்டு மேலயே எங்க வீடு. ஈரோடு–சத்தி வண்டியெல்லாம் வாசலைத் தாண்டித்தான் போகணும். நம்ம பக்கத்துத் தனியார் பஸ்ஸைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாதுங்க. பெயிண்டு, ஏர் ஹாரன், பாட்டு, நிமிஷக் கணக்குல டைமிங் சண்டை. தம்பிக்கு நாலு வயசுல இருந்தே அதுதான் உலகம். திண்ணையில ரோட்டுக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டு, ஹாரனைக் கேட்டே எந்த வண்டின்னு சொல்லிருவான். எங்க ஆத்தா மாத்திரை போடற நேரமே அவன் சொல்ற வண்டியை வெச்சுத்தான்.

எட்டாவது படிக்கறப்ப ஃபோம் ஷீட்டு வாங்கிட்டு வந்து பஸ் மினியேச்சர் செய்ய ஆரம்பிச்சான். சும்மா பொம்மை இல்லை. சீட்டு, கம்பி, பின்னாடி ஏணி, முன் கண்ணாடியில ஒட்டற ஸ்டிக்கர் எழுத்து வரைக்கும் அளவெடுத்துச் செய்வான். பரீட்சையில கணக்குன்னா பாஸ் மார்க்குக்கே தடுமாறுவான், பஸ்ஸோட நீள அகலத்தைச் சுருக்கறதுல மட்டும் ஒரு மில்லிமீட்டர் தப்பாது. அவன் மாடலைப் பாக்கறதுக்குன்னே வண்டியை ஓரங்கட்டின டிரைவருங்க உண்டு. உள்ள இருக்கற ஜனம் கத்தும், பின்னால வர்ற வண்டிக்காரன் ஹாரன்லயே திட்டுவான்.

பத்தாவது முடிக்கறப்ப முழங்காலுக்கு மேல வலின்னான். ராத்திரியில எச்சா இருக்கும். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, பயாப்ஸின்னு போய் ஆஸ்டியோசர்கோமான்னு முடிஞ்சுது. பிள்ளைங்க கிடுகிடுன்னு வளர்ற வயசுல எச்சா வர்ற சீக்கு. ஆஸ்பத்திரிக் கதையை நீட்ட எனக்கு இஷ்டமில்லை. கீமோ, ஆபரேஷன், எலும்பை எடுத்துட்டு உலோக மூட்டு, மறுபடி கீமோ.

சொல்ல வந்தது வேற. டாக்டரு முதல்ல எங்களைத் தனியா உக்கார வெச்சார். வேற எங்கயும் பரவலைன்னா நூத்துல 60, 70 பேரு அஞ்சு வருஷம் தாண்டிடறாங்க, நுரையீரலுக்குப் போயிட்டா 20, 30 பேருதான்னு ஒளிக்காமச் சொன்னார். அப்புறம், "தம்பிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"ன்னார். சொல்லாமயே விட்டுடலாங்கற வழி அவர் பேச்சுலயே இல்லை. வீட்ல பெரிய சண்டை. "சின்னப் பையன், மனசு ஒடிஞ்சிருவான் மாப்ள"ன்னு மச்சான் என் சட்டையைப் புடிக்காத குறை. டாக்டரே சொன்னார். தம்பி கேட்ட முதல் கேள்வி, "காலை எடுத்துருவீங்களா?" ரெண்டாவது, "முடி திரும்ப மொளைக்குமா?" அன்னைக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கலை, அவன் நல்லாத் தூங்கினான்.

எங்க வார்டுல இன்னொரு பையன். அவனுக்கு வெறும் காய்ச்சல்னு சொல்லி வெச்சிருந்தாங்க. கட்டடத்து நெத்தியில புற்றுநோய் மருத்துவமனைன்னு ஆளுயரத்துக்கு எழுதியிருக்குது. ஒம்பதாவது படிக்கற பையன் அதைப் படிக்க மாட்டானா? அவன் எங்க தம்பிகிட்ட வந்து, "எனக்கும் உனக்கு வந்ததுதானா?"ன்னு கேட்டிருக்கான். அம்மா அழுவாங்கன்னு வீட்ல கேக்கலையாம். பெத்தவங்க பிள்ளைக்காக நடிக்கறாங்க, பிள்ளை பெத்தவங்களுக்காக நடிக்குது. சீக்கோட சேத்து இந்தப் பாரத்தையும் அந்தப் பிள்ளைதான் தூக்கணுமா?

பேரு தெரிஞ்சதால தம்பி போன்ல தேடித் தேடிப் படிச்சான். அப்படித்தான் டெர்ரி ஃபாக்ஸைக் கண்டுபுடிச்சான். கனடாக்காரர். 1977ல, பதினெட்டு வயசுல இதே சீக்கு, முழங்கால்லயே. வலது காலை எடுத்தாங்க. 1980ல செயற்கைக் காலோட, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேக்க 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினார். தம்பி உடனே கணக்குப் போட்டான். "ஈரோடு–கோயமுத்தூர் நூறு கிலோமீட்டர்னு வெச்சா 54 சிங்கிளுங்ப்பா, அதான் ஒரு பக்கம் மட்டும் போற ட்ரிப்பு. ஒரு நாளைக்கு ஆறுன்னு வெச்சா நம்ம வண்டியே ஒம்பது நாளு ஓட்டணும்!" அவருக்கும் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் பாதியில நின்னுது. 1981ல 22 வயசுல போயிட்டார். அதையும் தம்பியேதான் எனக்குச் சொன்னான்.

அதனால ஸ்கேன்ல அவனுக்கும் நுரையீரல்னு வந்தப்ப, எப்படி ஆரம்பிக்கறதுன்னு நான் வாசல்லயே நின்னுட்டிருந்தேன். "தெரியுமுங்ப்பா, ரிப்போர்ட்டைப் படிச்சுட்டேன், உள்ள வாங்க"ன்னான். சாகறப்ப வலிக்குமான்னு கேட்டான். வலிக்கு மார்ஃபின் இருக்குதுன்னு டாக்டரு சொன்னதைச் சொன்னேன். இன்னொரு சுத்துக் கீமோ வேண்டாம், வீட்டுக்குப் போலாம்னு அவன் சொன்னப்ப, டாக்டரும் நாங்களும் உக்காந்து பேசி ஒத்துக்கிட்டோம்.

வீட்டுக்கு வந்தவன் சும்மா படுத்துக் கிடக்கலை. வெள்ளென சத்தியில எடுக்கற வண்டியில முன் சீட்டுல உக்காந்து ஈரோடு போகணும்னான், போனோம். தங்கச்சியைக் கூப்பிட்டு, எதையும் மறைக்காம அவனே சொன்னான். ஒவ்வொரு மாடலும் யாருக்குன்னு பட்டியல் எழுதினான். "பரண்ல போட்டுத் தூசி படிய வெச்சா வந்து உதைப்பேன்"னான். ‘இதெல்லாம் சோறு போடுமா’ன்னு முன்ன ஒருக்கா கேட்ட மாமனுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதுன்னுட்டான். மச்சான் இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பார், சிரிச்சுட்டே அழுவார். எதுவுமே தெரியாம வெச்சிருந்தா இதுல எது நடந்திருக்கும்? சாகறவரைக்கும் நோயாளியா மட்டும் இருந்திருப்பான்.

விசாரிக்க வந்தவங்களைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் குடுத்துட்டு, அவன் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்னு, "டாக்டரு கைவிட்டுட்டாங்களா?"ன்னு குசுகுசுன்னு கேப்பாங்க. அவனுக்குக் கால்லதானுங்க சீக்கு, காதுல இல்லை.

இது என் ஒருத்தன் அனுபவம்னு தள்ளிற வேண்டாம். புற்றுநோயில பிள்ளையை இழந்த பெத்தவங்ககிட்டக் கேட்டு 2004ல ஸ்வீடன்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிள்ளைகிட்டச் சாவைப் பத்திப் பேசினவங்க 147 பேரு. ஏன்டா பேசினோம்னு வருத்தப்பட்டவங்க அதுல ஒருத்தர்கூட இல்லை. பேசாத 258 பேர்ல 69 பேரு, பேசியிருக்கலாமேன்னு வருந்தியிருக்காங்க. நான் அதைப் படிச்சது எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

அந்தப் பொண்ணு விஷயமே வேற. பிள்ளைங்களுக்கு எச்சா வர்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு, முழு வைத்தியமும் எடுத்தா பெரும்பாலான பிள்ளைங்க பொழைச்சுக்கறாங்க. ஆனா ரெண்டு மூணு வருஷம் விடாம மாத்திரை திங்கணும், ஊசி போடணும். உடம்பு தேறின பிறகும் எதுக்கு இந்த ரோதனைன்னு அந்தப் பிள்ளை கேக்கும். காய்ச்சல்னு சொல்லி வெச்சா அப்ப என்ன பதில் சொல்லுவீங்க? முதல்ல அதுக்கு என்ன தெரியும்னு கேளுங்க. பாதி அதுவே சொல்லிரும். மீதியை டாக்டரை வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க. அழுதா கூடச் சேந்து அழுங்க.

பதிவு போடறதுக்கு முன்ன வீட்டுக்காரம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். "பஸ்ஸைப் பத்தி இத்தனை எழுதினீங்களே, அவன் சந்தவைக்குத் தேங்காப்பால் ஊத்தி மூணு தட்டு திம்பானே, அதை எழுதலீங்களா?"ன்னாங்க. மூணு இல்லீங்க, நாலு. மூணுன்னு அவங்களை நம்ப வெச்சது தம்பிதான், நாலாவது என் தட்டுல இருந்து எடுத்தது.