அது நெருப்பு இல்லை

அந்தக் காணொளிக்கு நான் எழுதிய பதிலையும் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதையும் நேற்று எல்லோரும் பார்த்தீர்கள். "சூரியனிலிருந்து தீப்பிழம்பு பூமியை நோக்கி வருகிறது" என்று போட்டிருந்தார்கள். சூரியனில் நடக்கும் வெடிப்பை, அதாவது சோலார் ஃபிளேரைத்தான் அப்படிச் சொன்னார்கள். அது நெருப்பு இல்லை என்று ஒரே வரிதான் எழுதினேன். "படித்த திமிர்" என்றார்கள். சரி, திரும்பவும் சொல்கிறேன். அது நெருப்பு இல்லை.

நெருப்பு எரிய ஆக்சிஜன் வேண்டும். சூரியனில் எதுவும் அப்படி எரியவில்லை. மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. வெளியே பொங்குவது பிளாஸ்மா, அதாவது சூட்டில் எலக்ட்ரான்கள் அணுவை விட்டுக் கழன்றுபோன வாயு. மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலம் அதைப் பிடித்து ஆட்டுகிறது. சூரியனின் நடுப்பகுதி ஒரு சுற்றுக்கு சுமார் 25 நாள் எடுக்கிறது, துருவப் பக்கம் 30 நாளுக்கு மேல். இப்படி ஏறுமாறாகச் சுற்றினால் காந்தக் கோடுகள் முறுக்கேறாமல் என்ன செய்யும்? கரும்புள்ளிகளுக்கு, அதாவது சூரியனில் கருமையாகத் தெரியும் இடங்களுக்கு, மேலே முறுக்கு தாங்காமல் அந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாகச் சேரும்போது, தேங்கிக் கிடந்த ஆற்றல் சில நிமிடங்களில் கொட்டிவிடுகிறது. மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான். கோடுகள் அறுந்து சேரும் இடத்தில் பிளாஸ்மா 1 கோடி டிகிரியைத் தாண்டும். இதுதான் சோலார் ஃபிளேர்.

சூரியனுக்கென்றே செய்த தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்த்தபோது நானும் தீ நாக்கைத்தான் எதிர்பார்த்தேன். விளிம்பில் ஒரு சிவப்பு வளைவு. அது ஃபிளேர் இல்லை, ஆனால் அதுவும் பிளாஸ்மாதான். பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை, அது அசையவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதன் ஒரு கால் மட்டும் மெலிந்திருந்தது. தீ அப்படி நிற்குமா? பூமியை விடப் பெரிய அந்த வளைவைக் காந்தப்புலம் தூக்கிப் பிடித்திருந்தது. அன்று வாயடைத்துப் போனேன்.

"எதுவாக இருந்தால் என்ன, ஆபத்துதானே?" என்கிறீர்கள். ஆபத்தே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஃபிளேரின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்து சிற்றலை வானொலியைக் குலைக்கும். கூடவே பிளாஸ்மா மேகம் கிளம்பினால் அது வந்து சேர ஒன்றிரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல். 1989 மார்ச்சில் அப்படி வந்த மேகம் கிளப்பிய காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 9 மணி நேரம் மின்சாரம் போனது. யாரும் வெந்து சாகவில்லை. நெருப்பு என்று நம்பினால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

"நீ என்ன விஞ்ஞானியா?" என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. 1859 செப்டம்பர் 1 அன்று ஃபிளேரைப் பார்த்துக் குறித்துவைத்த ரிச்சர்ட் கேரிங்டனும் சொந்த வீட்டில் உட்கார்ந்து சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தவர்தான். சாட்சிக்கு ஆளைக் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் ஒளி மங்கிப்போயிருந்தது. நல்லவேளை, வேறோர் இடத்தில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் அதையே பார்த்திருந்தார்.

நேற்று எனக்கு "ஆமாம், அவர் சொல்வது சரி" என்று சொல்ல ஒருவர்கூட வரவில்லை. என் நட்புப் பட்டியலில் இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.