இலக்கியத் தேர்வில் கதைச்சுருக்கம் விடை ஆகாது

இலக்கியத் தாளுக்குப் பிள்ளைகள் தயாராகும் விதத்தைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. நாடகமோ நாவலோ, வழிகாட்டி நூலில் இருக்கும் கதைச்சுருக்கத்தை உருப்போடுகிறார்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் அதையே எழுதிவிட்டு வருகிறார்கள். திருத்துபவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். அந்தக் கதை உங்களுக்கு என்னவாகப் பட்டது, அப்படிப் பட்டதற்கு மூலத்தில் எந்த வரி ஆதாரம் என்பதுதான் அவருக்கு வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் நான்கு பக்கம் எழுதிப் பாதி மதிப்பெண்ணோடு நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

மூலத்தை மூன்று முறையாவது படிக்க வேண்டும். முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் படியுங்கள். இரண்டாம் முறை கையில் பென்சில் இருக்கட்டும். மூன்றாம் முறை பழைய வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேள்விக்கு உதவும் இடங்களை மட்டும் தேடிப் படியுங்கள். வழிகாட்டி நூலை இதற்குப் பிறகு திறக்கலாம். முதலிலேயே திறந்தால் அடுத்தவர் கருத்துதான் மனதில் உட்காரும். நூறு பேர் அதே வரிகளை எழுதும்போது உங்கள் தாள் தனியாகத் தெரியாது.

நாடகத்தில் பலரும் மறப்பது, அது மேடைக்காக எழுதப்பட்டது என்பதை. காட்சிக்கு ஓர் அட்டை போடுங்கள். மேடையில் யார் யார், அவர்களில் யாருக்கு என்ன தெரியும், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது என்ற மூன்று விவரம் போதும். இதில் இரண்டாவதுதான் பொக்கிஷம். நாடகக் காப்பியமான சிலப்பதிகாரத்தில், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது படிக்கும் நமக்கு முன்பே தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியால்தான் அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் நம்மைப் பதைக்க வைக்கிறது. இதற்கு நாடக முரண் என்று பெயர். பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் சொற்பம்தான். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, அதனால் பார்ப்பவர் மனதில் என்ன நடக்கிறது என்று எழுதினால்தான் விடை முழுமையாகும். அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள். ஒரு பாத்திரம் பதில் சொல்லாமல் வெளியேறுவதும் ஒரு வசனம்தான்.

கவிதை என்றாலே அணிகளின் பட்டியல் என்று நினைப்பது பெரிய விபத்து. 'இதில் உவமை, உருவகம் வந்துள்ளன' என்ற வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை. பார்க்காத கவிதை வந்தால் முதலில் மூன்று கேள்விகள்: பேசுவது யார், யாரிடம், குரல் எந்த இடத்தில் திரும்புகிறது? அணிகள் அதற்குப் பிறகுதான். ஒரு குறளைப் பார்ப்போம்:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து

முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றிவிட்டால் வெட்டுபவர் கையையே அது வருத்தும் என்பது பொருள். இது பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் குறளுக்குள் பகைவன் என்ற சொல்லே இல்லை. மரத்தைச் சொல்லி மனிதனை உணரவைக்கும் பிறிதுமொழிதல் அணி. பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஓர் அடி எடுத்து வையுங்கள். 'கொல்' என்ற வினை இரண்டு முறை வருகிறது. முதல் அடியில் மனிதன் மரத்தைக் கொல்கிறான். அடுத்த அடியில் மரம் அவன் கையைக் கொல்கிறது. இடையில் கடந்தது காலம் மட்டுமே. தாமதித்தால் பலம் கைமாறிவிடும் என்ற கருத்தை ஒரே வினையைத் திருப்பிப் போட்டே வள்ளுவர் சொல்லிவிடுகிறார். 'இன்ன உத்தி, இன்ன சொல், இன்ன விளைவு' என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது கவிதைநயம்.

உரைநடையில் ஒரே எச்சரிக்கை: கதைசொல்லியும் ஆசிரியரும் ஒருவரல்லர். 'நான்' என்று பேசும் பாத்திரம் எதை மறைக்கிறது, எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். கவிதையில் பேசும் குரலுக்கும் இதே விதிதான்.

மேற்கோளுக்கு வருவோம். நீளமான பத்திகளை மனப்பாடம் செய்வது வீண். ஒரு சொல் மறந்தாலும் பதற்றத்தில் எல்லாம் போய்விடும். நூலுக்குப் பத்துப் பன்னிரண்டு மேற்கோள் போதும், ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்குள். ஒன்றே பல கேள்விக்கு உதவ வேண்டும். ஆராயாத மன்னனே என்று கண்ணகி சொல்லும் 'தேரா மன்னா' இரண்டே சொல். அவள் துணிவு, பாண்டியன் விசாரிக்காமல் தண்டித்த தவறு, நீதி என்ற கருப்பொருள் மூன்றுக்கும் அது போதும்.

நேரக் கணக்கைத் தேர்வுக்கு முன்பே போட்டுவையுங்கள். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால், வாசிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் ஒதுக்கியது போக 165 நிமிடம். 20 மதிப்பெண் வினாவுக்கு 33 நிமிடம் வரும்: ஐந்து நிமிடம் குறிப்பு, மிச்சம் எழுத்து. பலரும் அந்த ஐந்தை வெட்டிவிட்டுப் பேனாவை ஓட்டுகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் கேள்வியை விட்டு எங்கோ போய்விடுகிறார்கள். 'எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்' என்று கேட்டால் மறுபக்கத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டு பாத்திரத்தையும் ஒரே பத்தியில் அருகருகே வையுங்கள். தனித்தனிக் கட்டுரையாக எழுதினால் ஒப்பீடு நடக்கவே இல்லை.

வாரம் ஒரு விடையாவது நூலைப் பார்க்காமல், கடிகாரம் வைத்து எழுதுங்கள். பிறகு கதை சொல்லும் வாக்கியங்களைச் சிவப்பிலும், மேற்கோளை நீலத்திலும், உங்கள் விளக்கத்தைப் பச்சையிலும் அடிக்கோடிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவப்பு இருந்தால் அந்த விடையை மறுபடி எழுதுங்கள். எந்தப் பத்தியிலாவது பச்சையே இல்லை என்றால், அதிலுள்ள மேற்கோளுக்குக் கீழே 'இதனால் தெரிவது' என்று தொடங்கி ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். அப்படிச் சேர்க்க ஒன்றும் தோன்றாவிட்டால், அந்த இடத்துக்கு அந்த மேற்கோள் பொருந்தவில்லை, வேறொன்றைத் தேடுங்கள்.