பள்ளிப் படங்களும் ஒரு தாளின் வாசனையும்

போன வாரம் அக்கா மகளோடு உட்கார்ந்து 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' பார்த்தேன். 1985இல் வந்த படம். தப்புச் செய்ததற்குத் தண்டனையாக ஐந்து மாணவர்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பள்ளி நூலகத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் கதை. அரை மணி நேரம் ஓடியிருக்கும். "மாமா, இவ்வளவு நேரமா ஒருத்தர்கூட போனையே எடுக்கலையே, எப்படி?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது.

அமெரிக்க ஹைஸ்கூல் படங்களைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொரு தலைமுறையின் பள்ளி வாழ்க்கையும் அவற்றில் பதிவாகியிருக்கிறது என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வரிசையாகப் பாருங்கள். 'அமெரிக்கன் கிராஃபிட்டி' வந்தது 1973இல், கதை நடப்பது 1962இல். 'டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்' வந்தது 1993இல், கதை 1976இல். 'லேடி பேர்ட்' 2017இல் வந்தது, கதை 2002இல் தொடங்குகிறது. படம் எடுக்க வருகிறவர் பள்ளியை விட்டு வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். அவர் தன் பள்ளியைத்தான் எடுக்கிறார். அதில் தப்பில்லை, இந்த மூன்றுமே எனக்குப் பிடித்த படங்கள். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அது அண்ணன் காலத்துக் கதை. சில நேரம் அப்பா காலத்துக் கதை.

நடிகர்களின் வயது இன்னொரு கூத்து. 'கிரீஸ்' வெளியானபோது அதில் பள்ளி மாணவியாக நடித்த ஒலிவியா நியூட்டன் ஜானுக்கு 29 வயது. 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' படத்தில் மகளாக வரும் ரேச்சல் மெக்ஆடம்ஸுக்கும் அம்மாவாக வரும் ஏமி போலருக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம்! இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைகள் பதினாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று, நம் முகம் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்?

சரி, உண்மையாகவே தன் காலத்துப் பிள்ளைகளைப் பிடித்த படம் எது? என் கணக்கில், எடுத்தவர் தன் நினைவை நம்பாமல் போய்க் காது கொடுத்துக் கேட்ட படம். கேமரன் குரோ 22 வயதில், மாணவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பள்ளியில் சேர்ந்து, கண்டதையும் கேட்டதையும் புத்தகமாக எழுதினார். அதுதான் 1982இல் 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' என்ற படமானது. இயக்கியவர் ஏமி ஹெக்கர்லிங். அந்தப் படத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலேயே இல்லை, கடைகளில் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவருக்குக் காதல் தோன்றும், நடன விருந்து தோன்றும். பிள்ளைகளின் வேலை நேரமும் முதலாளியின் திட்டும் தோன்றாது.

'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தை எடுத்த ஜான் ஹியூஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பேசவிட்டு, கேமராவை அவர்கள் முகத்திலேயே வைத்திருக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. ஆனால் அந்தப் படத்தின் கடைசியில், யாரோடும் ஒட்டாத அந்தப் பெண்ணுக்கு முகத்தைத் திருத்தி, தலையில் பட்டை கட்டிவிட்டதும்தான் ஒரு பையன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். அதுவரை படம் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் அந்த ஒரே காட்சியில் போச்சு. ஹியூஸ் படங்களின் நாயகி மாலி ரிங்வால்டே 2018இல், பெண்களை அவை நடத்திய விதம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். படத்தின் மேல் பாசமும் குறையவில்லை, சங்கடமும் மறையவில்லை. நியாயமான நிலைமைதான்.

காலம் எங்கே தெரிகிறது என்றால், பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதில். 1955இல் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் ஆபத்து என்பது மலைவிளிம்பை நோக்கிக் கார் ஓட்டும் பந்தயம். 'மீன் கேர்ள்ஸ்' பெண்ணுக்கு உணவுக்கூடத்தில் எந்த மேசையில் உட்காருவது என்பதே பயம். தட்டோடு போய்க் கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். 2018இல் போ பர்னம் எடுத்த 'எய்த் கிரேட்' படத்தில் பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கிறது. பிள்ளைகள் மேசைக்கடியில் பதுங்கியிருக்கிறார்கள். யார் முகத்திலும் பதற்றம் இல்லை, பழகிப்போயிருக்கிறது. கேலா என்ற அந்தப் பெண், தனக்குப் பிடித்த பையனோடு பேச இதுதான் சமயம் என்று தரையோடு தரையாக நகர்ந்து போகிறாள். பதின்மூன்று வயது எந்தக் காலத்திலும் பதின்மூன்று வயதுதான், மேலே நடக்கும் ஒத்திகைதான் புதுசு. இதைச் சொல்ல ஒரு வசனம்கூட எழுதவில்லை பர்னம்.

அவரும் கேட்டு எடுத்தவர். பிள்ளைகள் இணையத்தில் போடும் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். திரைக்கதையில் முதலில் ஃபேஸ்புக் என்றுதான் இருந்ததாம். கேலாவாக நடித்த எல்சி ஃபிஷர், அதையெல்லாம் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதுவே படத்தில் வசனமாகிவிட்டது. இதை நான் எழுதிக்கொண்டிருப்பதும் அதே ஃபேஸ்புக்கில்தான்.

அப்புறம் அக்கா மகளுக்கு 'ஃபாஸ்ட் டைம்ஸ்' படத்திலிருந்து ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். வாத்தியார் வகுப்பில் நகல் தாள்களைக் கொடுக்கிறார். அப்போதுதான் இயந்திரத்திலிருந்து வந்த தாள். வாங்கியதும் வகுப்பு மொத்தமும் ஒன்றாகத் தாளை மூக்கில் வைத்து ஆழமாக இழுக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எதுக்கு எல்லாரும் பேப்பரை மோந்து பாக்குறாங்க?"

அந்த நகல் இயந்திரத்தில் ஸ்பிரிட் ஊற்றுவார்கள், தாள் ஈரமாக வரும், ஒரு வாசனை வரும் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.